பன்னிரண்டு புட்டிகளும் ஒரு பன்றியும்

1961 மார்ச் 23, வியாழன். இன்றைய தவறு: ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்கு அனுப்பிய தாளில் ஒரு வரி விட்டுப்போய்விட்டது. முந்தின நாள் மாலையிலிருந்து கொழுப்பான உணவு கூடாது என்ற வரி.

இதை எழுதிவிட்டு அம்பாரோ பேனாவை மூடினாள். பிறகு மறுபடி திறந்து, ‘தட்டச்சு செய்யும்போது’ என்று நடுவில் சேர்த்தாள். படித்துப் பார்த்தபோது அது முன்னைவிட மோசமாக இருந்தது.

மாலைக் கல்லூரியின் கட்டுரை வகுப்பில் ஆசிரியர் வைத்திருந்த விதி அது. தினம் ஒரு பக்கம் எழுத வேண்டும். முதல் வரியில் அன்றைக்குச் செய்த தவறு, கடைசி வரியில் மறுநாள் செய்ய வேண்டிய வேலை; நடுவில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். மற்ற மாணவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டதையும் குடையை மறந்ததையும் எழுதி ஒப்பேற்றினார்கள். அம்பாரோவுக்கு முதல் வரிக்குப் பஞ்சமே வந்ததில்லை. இருக்கிற தவறுகளில் எதை எழுதுவது என்பதுதான் அவளுடைய சிரமம். வழக்கமாக, தான் வேலை பார்க்கும் மருத்துவமனை ரத்த வங்கியைப் பூட்டிவிட்டு, வகுப்புக்குப் போகும் ஜீப்னி வண்டியில் உட்கார்ந்து எழுதுவாள். இன்று காலை ஆறே காலுக்கே எழுதும்படி ஆகிவிட்டது.

அவளுக்கு முன்னால் மரச்சட்டத்தில், ஆளுக்கொன்றாக எடுத்த ரத்தத்தோடு பன்னிரண்டு சோதனைக் குழாய்கள் நின்றன. சுழற்றி எடுத்தால் சிவப்பெல்லாம் அடியில் தங்கி, மேலே மஞ்சள் நீர் தெளியும். மூன்று குழாய்களில் அது எலுமிச்சைச் சாறு போலத் தெளிந்திருந்தது. மற்ற ஒன்பதில் அரிசி களைந்த தண்ணீர் போல வெள்ளையாகக் கலங்கிக் கிடந்தது. மறுபடி சுழற்றினாள். மறுபடியும் அதே அரிசி களைந்த தண்ணீர்தான்.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு டாக்டோரா ரெமெடியோஸ் லக்சமானா உள்ளே வந்தார். நாற்பத்தாறு வயது, குள்ளமான உருவம், அறுவைக்கான துணித்தொப்பிக்குள் முடி முழுவதும் அடங்கியிருந்தது. மணிலாவில் நெஞ்சைப் பிளந்து, இதயத்தைத் திறந்து, உள்ளே தைக்கிறவர் அவர் ஒருவர்தான். அப்படி இதுவரை ஐந்து பேருக்குச் செய்திருந்தார். மூன்று பேர் நடந்து வீட்டுக்குப் போனார்கள். யாராவது மூன்று என்று பாராட்டினால், “அஞ்சு” என்று அவரே திருத்துவார்.

“ஆச்சா? ஊசி போட ஆரம்பிச்சுடலாமா?”

அம்பாரோ சட்டத்தை வெளிச்சத்துக்கு நகர்த்தினாள். டாக்டோரா குனிந்து பார்த்தார்.

“என்ன இது?”

“கொழுப்பு, டாக்டோரா.”

“கொழுப்புன்னு எனக்குத் தெரியுது. யாரோட கொழுப்புன்னு கேக்கறேன்.”

ஜன்னலுக்கு வெளியே, மாமரத்தடியில், லகூனா மாகாணத்திலிருந்து விடியுமுன் வந்து சேர்ந்த ஜீப்னி நின்றது. அதைச் சுற்றி, ரத்தம் கொடுக்க வந்த பன்னிரண்டு ஆண்கள் குந்தியிருந்தார்கள். நடுவில், வாழையிலையை விரித்துப் போட்டு, சுட்ட பன்றி ஒன்று பாதி உடம்போடு கிடந்தது. ஜன்னலில் டாக்டோராவின் தொப்பி தெரிந்ததும் ஒருவர் எழுந்து, பளபளக்கிற தோல் துண்டொன்றை ஆட்டிக் காட்டினார். அவர் தெபான், ஜீப்னியின் சொந்தக்காரர்; மரியாதைக்கு எல்லோரும் மாங் தெபான் என்பார்கள்.

“டாக்டோரா, வாங்க! காது ரெண்டையும் உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கு. யாரையும் தொட விடல!”

டாக்டோரா ஜன்னல் கதவைத் திறந்த வேகத்தில் கண்ணாடி அதிர்ந்தது.

“ஜனவரியில சாராயம். பிப்ரவரியில சேவல் சண்டை. இப்ப பன்னியா? ஒரு புள்ளையோட நெஞ்சைத் திறக்கறதுக்கு ரத்தம் கேட்டா, பன்னியைத் தின்னுட்டுப் பன்னியாவே வந்து குந்தியிருக்கீங்களே, வெக்கமா இல்ல?”

மாமரத்தடியில் வாய்கள் அசைவது நின்றது. தெபான் கையிலிருந்த தோலை இலையில் வைத்தார். விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். டாக்டோரா ஜன்னலை அறைந்து சாத்தினார்.

ஜனவரியில் வந்தவர்களும் பிப்ரவரியில் வந்தவர்களும் வேறு வேறு ஊர்க்காரர்கள், வேறு வேறு நோயாளிகளின் சொந்தக்காரர்கள். அதை எடுத்துச் சொல்ல அம்பாரோவுக்குத் தைரியம் வரவில்லை. அந்த இரண்டு முறை பட்ட பிறகுதான் டாக்டோரா ஆறு விதிகளைச் சொல்ல, அவள் தட்டச்சு செய்து எல்லாக் குடும்பங்களுக்கும் அனுப்ப ஆரம்பித்திருந்தாள். இதயத்தை நிறுத்திவிட்டுத் தைக்கும் நேரத்தில் உடம்புக்கு ரத்தத்தை ஓட்டுவது ஓர் இயந்திரம். அந்த இயந்திரத்தின் குழாய்களை முதலில் நிரப்பவே பன்னிரண்டு புட்டி ரத்தம் வேண்டும். அன்று காலை எடுத்ததாக, ஒரே வகையாக, கொழுப்பு கலங்காததாக இருக்க வேண்டும். இன்று ஆபரேஷனுக்குக் காத்திருந்த குழந்தையின் அப்பா குலாஸின் ரத்தம் பொருந்தவில்லை. போன வாரம் அம்பாரோ அவர்கள் ஊருக்கே போய் அறுபத்திரண்டு பேரின் விரலைக் குத்திப் பார்த்ததில் பொருந்தியவர்கள் பன்னிரண்டே பேர். பதின்மூன்றாவது ஆள் கிடையாது.

ஏழு மணிக்கு மருத்துவமனை இயக்குநர் ஆர்கெயெஸ் வந்தார். கோபப்படாத மனிதர், அதனாலேயே அவர் பேச்சு டாக்டோராவுக்கு எரிச்சலூட்டும்.

“ரெமி, அடுத்த வாரம் புனித வாரம். ஆபரேஷன் எதுவும் கிடையாது. ஈஸ்டர் முடிஞ்சதும் உன் ஆபரேஷன் ரூமை நுரையீரல் பிரிவு கேக்குது. அங்க நாப்பது பேர் காத்திருக்காங்க. உனக்கு நாளைக்கு ஒரு நாள் இருக்கு. நாளைக்கும் ஆகலேன்னா மெஷினுக்குத் துணி போட்டு மூடி வெச்சிடலாம்.”

“மூடுங்க. மேல ஒரு பூச்சாடியும் வையுங்க. பாக்க அழகா இருக்கும்.”

“அந்தப் பொண்ணு?”

“அந்தப் பொண்ணு ஈஸ்டருக்கு அப்பறம் மழைக்காலம் வரைக்கும் தாங்குவாளான்னு எனக்குத் தெரியாது. துணிக்கு என்ன கலர் வேணும்னு மட்டும் சொல்லுங்க.”

அந்தப் பெண் இஸ்யாங், எட்டு வயது. இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை. நுரையீரலுக்குப் போகும் வழியும் குறுகல். உதடும் நகமும் நாவற்பழம் தின்றது போல நீலமாக இருக்கும். பத்தடி நடந்தால் குந்திக்கொள்வாள், மூச்சு திரும்பியதும் எழுந்து அடுத்த பத்தடி நடப்பாள். ஊரில் வீட்டிலிருந்து தேவாலயத்துக்குப் போகும் வழியில் அவள் குந்துகிற இடங்கள் எல்லோருக்கும் தெரியும் என்று குலாஸ் அம்பாரோவிடம் சொல்லியிருந்தான். இப்போது வார்டில், தலையைப் படிய வாரி இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். ஆபரேஷன் இன்றைக்கு இல்லை என்று சொன்னதும், “அப்ப கஞ்சி குடிக்கலாமா?” என்று மட்டும் கேட்டாள்.

இயக்குநர் போன பிறகு டாக்டோரா ரத்த வங்கியில் இருந்த ஒரே நாற்காலியில் விழுந்தது போல உட்கார்ந்தார். அம்பாரோவின் நோட்டு மேசையில் திறந்து கிடந்தது. அவள் அதை மெதுவாக மூடினாள்.

“இன்னும் என் வாழ்க்கை வரலாறைத்தான் எழுதிட்டிருக்கியா?”

போன மாதம் வகுப்பில், தெரிந்த ஒருவரின் வாழ்க்கையை எழுதும்படி சொல்லியிருந்தார்கள். அம்பாரோ கேள்விகளை வரிசையாக எழுதிக்கொண்டு போய் நின்றபோது டாக்டோரா கை கழுவிக்கொண்டிருந்தார். “என் வாழ்க்கையா? காத்திருந்தது. எழுதிக்கோ” என்றார். சும்மா சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். பிறகு கேட்கக் கேட்க, பதில்கள் எல்லாம் அந்த ஒரு சொல்லின் கீழேயே வந்து நின்றன. போரின் கடைசி மாதத்தில், பள்ளிக்கூட மேசை ஒன்றில், ஒருவனுடைய இதயத்தில் பதிந்திருந்த இரும்புத் துண்டைப் பிடுங்கித் தைக்க நேர்ந்தது. நூல் வரும்வரை விரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தார். அவன் பிழைத்து, இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்கு வாத்து முட்டை அனுப்புகிறான். பிறகு அமெரிக்காவில் இரண்டு வருடம், உயரமான ஆண்களின் முதுகுகளுக்குப் பின்னால், அவர்கள் நகரும் இடைவெளிக்காகக் காத்திருந்தார். கடைசியில் ஒரு சோப்புப் பெட்டியைக் கொண்டுபோய்ப் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். திரும்பி வந்தபோது இயந்திரம் துறைமுகத்தில் பதினோரு மாதம் மாட்டிக்கொண்டது. அது ஐஸ்கிரீம் செய்யும் கருவியா என்று சுங்க அதிகாரி எழுத்தில் விளக்கம் கேட்டார். பிறகு நான்கு வருடம், மருத்துவமனைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், தெருநாய்களை வைத்துப் பழகினார். நாய் டாக்டர் என்று பெயர் வந்தது. மனிதருக்கு வைத்தியம் பார்க்கிற கையா என்று சொந்த அக்காவே அவர் சமைத்ததைச் சாப்பிட மறுத்தாள். மின்சாரத்துக்காக, நூலுக்காக, ஆளுக்காகக் காத்திருந்தார். இப்போது ரத்தத்துக்காக.

அந்தக் கட்டுரைக்கு ஆசிரியர், ‘நிகழ்ச்சிகள் போதவில்லை’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

“தாளை அனுப்பினோமில்ல?” என்றார் டாக்டோரா. “ஆறு வரி. படிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன்கூடவா அந்த ஊர்ல இல்ல?”

அம்பாரோ நகலை எடுத்து நீட்டினாள்.

“அஞ்சு வரிதான் இருக்கு, டாக்டோரா.”

டாக்டோரா விரலை வைத்து எண்ணினார். சாராயம், காய்ச்சல், மாத்திரை, தூக்கம், நேரம். மறுபடி கீழிருந்து மேலே எண்ணினார்.

“மறந்துட்டியா?”

“ஆமா.”

“பதினோரு மாசம் துறைமுகத்துல நின்னேன்” என்றார் டாக்டோரா, தாளைப் பார்த்தபடியே. “நாலு வருஷம் நாய் மூத்திரத்துல நின்னேன். ஒரு வரி!” தாளை மேசையில் வைத்து உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துச் சமப்படுத்தினார். “போ. அவங்ககிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் போனா இன்னும் நாலு வார்த்தை சேத்துப் பேசிடுவேன்.”

மாமரத்தடியில் இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். தெபான் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ரத்தம் பன்னிரண்டில் ஒன்று. மற்ற பதினொரு பேரும் ஊர் திரும்ப அவருடைய ஜீப்னியை விட்டால் வேறு வழியில்லை. குலாஸ் ஜீப்னியின் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தான். அவன் மனைவி செலா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

“எல்லாம் என்னாலதான் மிஸ்” என்றாள் அம்பாரோவைப் பார்த்ததும். “ரெண்டு மணிக்கே எழுப்பி, வேணாம் வேணாம்னவங்களையும் நான்தான் உக்கார வெச்சுப் போட்டேன். என் புள்ளைக்காக ரத்தம் குடுக்க வர்றவங்களப் பட்டினியா கூட்டிட்டு வருவேனா? எந்த முகத்தோட கூட்டிட்டு வருவேன்?”

தட்டச்சில் ஒரு வரி விட்டுப்போச்சு என்று சொல்வதற்காகத்தான் அம்பாரோ அத்தனை தூரம் நடந்து வந்திருந்தாள். அந்த வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு முறை சொல்லியும் பார்த்திருந்தாள். அது வாயில் வரவில்லை.

“உங்களால இல்ல. எனக்கு முன்னாடியே தெரியும்” என்றாள். “அன்னிக்கு விரல் குத்த வந்தப்போ பன்னியைக் காட்டினீங்களே. வர்றவங்களுக்கு இதுதான்னு சொன்னீங்களே. நான் உங்க வீட்டுல சோறு தின்னுட்டுத் தலையாட்டினேன். திரும்பி வந்து டைப் மெஷின்ல தாளைச் சொருகினப்போ அந்த வரி ஞாபகம் இருந்துச்சு. இதை எப்படி அவங்களுக்கு எழுதறதுன்னு… நேர்ல வர்றப்போ சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். மறக்கல.”

பின்னிருக்கையில் இருந்த பல்லில்லாத ஒருவர் முதலில் வாயைத் திறந்தார்.

“அப்ப எங்க ரத்தம் கெட்டுப்போகலியா?”

“இல்ல. நாளைக்குக் காலையில தெளிஞ்சிடும். இன்னிக்கு முழுக்க வெறும் கஞ்சி குடிச்சா.”

“வெறும் கஞ்சியா? உள்ள கோழி போட்டா?”

“கோழி போடாம.”

“அதுக்கு ரத்தம் கெட்டுப்போனதே தேவல” என்றார் அவர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

தெபான் சிரிக்கவில்லை. “பொண்ணு தப்ப ஒத்துக்கிச்சு, சரி. அதுக்கு இன்னும் வயசு இருக்கு. எங்களைப் பன்னின்னு சொன்னது யாரு?”

“நான்தான்.”

டாக்டோரா எப்போது வந்து நின்றார் என்று அம்பாரோ கவனிக்கவில்லை. தொப்பியைக் கழற்றியிருந்தார்; நரைத்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அம்பாரோவின் பக்கம் ஒருமுறை திரும்பினார். அவள் சொன்னது முழுவதையும் கேட்டிருந்தார் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“மன்னிப்புக் கேக்கத்தான் வந்தீங்களா?” என்றார் தெபான்.

“சாவி வாங்க வந்தேன். ஜீப் சாவியைக் குடு. நாளைக்குப் பன்னண்டு புட்டியும் நெறஞ்சதும் தரேன்.”

தெபான் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இது அமெரிக்கப் பட்டாளத்து ஜீப்பு டாக்டோரா. இதுக்குச் சாவியே கிடையாது. சுவிட்சைத் தட்டினா ஓடும்.”

பல்லில்லாதவர் முழங்காலில் அடித்துக்கொண்டு சிரித்தார். “இதயத்தைத் திறக்கறாங்க, ஜீப்பைப் பூட்டத் தெரியல!”

டாக்டோராவின் முகம் சிவந்தது. கத்தப் போகிறார் என்று அம்பாரோ ஒரு எட்டு பின்வாங்கினாள்.

“அப்ப எதைப் புடுங்கினா இது ஓடாது?” என்றார் டாக்டோரா. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் இருந்தது. “பாட்டரியா?”

“பாட்டரியா? தள்ளி விட்டா ஓடிடும்.”

“பெட்ரோல் குழாய்?”

“அதை வாயால ஊதியே நான் ஓட்டியிருக்கேன்.”

“அப்ப என்னதான் புடுங்கறது?”

தெபானுக்குப் பொறுக்கவில்லை. எதுவும் தெரியாதவர்களிடம் விட்டால் எதையாவது பிய்த்துவிடுவார்கள் என்பது போலக் கீழே இறங்கி, முன்மூடியைத் தூக்கினார். கறுப்பு மூடியொன்றைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு, எதையோ இழுத்தெடுத்தார். கட்டைவிரல் கணு அளவுக்கு ஒரு துண்டு, தலையில் பித்தளைத் தகடு.

“ரோட்டர். இதுதான் சுத்திச் சுத்தி ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறியை அனுப்புது. இது இல்லேன்னா ஒரு பட்டாளமே வந்து தள்ளினாலும் நகராது.”

டாக்டோரா கையை நீட்டினார். தெபான் உடனே கொடுக்கவில்லை. மாமரத்துக்கு அந்தப் பக்கம், வார்டு வராந்தாவில், இஸ்யாங் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்துகொண்டிருந்தாள். பாதி வழியில் கிண்ணத்தைச் சிந்தாமல் தரையில் வைத்துவிட்டுக் குந்தினாள். அவள் எழுந்திருக்கும்வரை தெபான் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ரோட்டரைச் சட்டையில் துடைத்து டாக்டோராவின் உள்ளங்கையில் வைத்தார்.

“எண்ணெய்க் கையால தொடாதீங்க” என்றார்.

பிறகு பன்றியைப் பற்றிய சண்டை ஆரம்பித்தது. நாளை வெள்ளி, தவக்காலம், இறைச்சியைத் தொட முடியாது. சனிக்கிழமை வரை தாங்காது. ஆகவே இன்றைக்குள் தின்று தீர்த்தாக வேண்டும் என்று பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் வாதாடினார்கள். வெள்ளிக்கிழமைக்கே தேதி வைத்திருந்தால் பாவத்துக்குப் பயந்தாவது சும்மா இருந்திருப்பீர்களே என்று டாக்டோரா தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் மிச்சமிருந்த உடம்புப் பகுதி முழுவதும் நுரையீரல் வார்டுக்குப் போனது. “எடுத்துக்கட்டும். ரூமையும் எடுத்துக்கிட்டு இதையும் தின்னட்டும்” என்றார் டாக்டோரா. தலையையும் கால்களையும் செலா மருத்துவமனைச் சமையலறையில் காடி ஊற்றி வேகவைத்தாள். அப்படிச் செய்தால் சனிக்கிழமை வரை கெடாது.

அன்று மாலை அம்பாரோ வகுப்புக்குப் போகவில்லை. பன்னிரண்டு பேரும் பின்பக்கத் தகரக் கொட்டகையில் பாய் விரித்திருந்தார்கள். அங்கேதான் நாய்க்கூண்டுகள் இன்னும் வரிசையாக நின்றன. அதில் பெரிய கூண்டுக்குள் காடி மணக்கும் பானையை வைத்து டாக்டோரா பூட்டுப் போட்டார். சாவியை அம்பாரோவிடம் கொடுத்தார்.

“யார் கேட்டாலும் குடுக்காதே. நான் கேட்டாலும்.”

அவ்வளவுதான் சொன்னார். போனவர், கஞ்சி அண்டா வந்ததும் மறுபடி வந்து, ஒவ்வொரு கிண்ணத்தையும் முகர்ந்து பார்த்து, சமையல்காரன் யாருடைய கிண்ணத்திலாவது எதையாவது போட்டிருக்கிறானா என்று கரண்டியால் கிளறிவிட்டுப் போனார்.

“செறையிலகூட இதவிட நல்லா போடுவாங்க” என்றார் பல்லில்லாதவர்.

“நீ எப்பப் போன?” என்றார் தெபான்.

கூண்டுக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டு அம்பாரோ நோட்டைத் திறந்தாள். காலையில் எழுதிய வரியில் ‘தட்டச்சு செய்யும்போது’ என்பதை அடித்தாள். ‘விட்டுப்போய்விட்டது’ என்பதையும் அடித்து, ‘எழுத வெட்கப்பட்டு நானே விட்டேன்’ என்று மேலே எழுதினாள். அதையாவது சரியாக எழுதியிருக்கிறோமா என்று மறுபடி சந்தேகம் வந்தது. அப்படியே விட்டுவிட்டாள்.

தகரச் சுவரின் இடுக்கு வழியாக, அறுவை அறையின் ஜன்னலில் விளக்கு எரிவது தெரிந்தது. டாக்டோரா இயந்திரத்தின் பக்கத்தில் தனியாக நின்று, குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுநடுவே கை தானாகவே அங்கியின் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. பின்னால் யாரோ காடி மணத்தை இழுத்து முகர்ந்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். யார் என்று திரும்பிப் பார்க்காமல் அவள் கடைசி வரியை எழுதினாள்.

நாளைய வேலை: நாலரைக்குப் பன்னிரண்டு பேரையும் எழுப்ப வேண்டும். பால் கலக்காத காப்பி, வெண்ணெய் தடவாத ரொட்டி. பன்னிரண்டு குழாய்களையும் சுழற்றி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தெளிந்திருந்தால் ஊசி. பன்னிரண்டாவது புட்டி நிறைந்த பிறகு டாக்டோராவிடமிருந்து ரோட்டரை வாங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, மாங் தெபானிடம் கொடுக்க வேண்டும்.